பழைய பேக்கப் டேப்பிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக் கந்தோர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் 2000களில் சேர்வர் வைத்திருந்த கந்தோர்களில், அலுமாரியின் அடித்தட்டைத் தேடினால் ஒரு பெட்டி பேக்கப் டேப் இன்னும் அகப்படும். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு இங்கே வேலை செய்த நிறுவனங்கள் சில சேர்வரோடு டேப் டிரைவையும் கொண்டுவந்தன. திட்டம் முடிந்ததும் கணினிகள் கைமாறின, டேப்புகள் உள்ளூர்ச் சங்கத்தின் கையில் மிஞ்சின. அச்சகங்களிலும் நில அளவையாளர்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இதே கதைதான். உள்ளே பயனாளிகள் பட்டியல் இருக்கலாம், காணி வரைபடம் இருக்கலாம், யாரோ பதிந்து வைத்த கூத்து ஒன்றுகூட இருக்கலாம்.

டேப் பெரும்பாலும் கெடுவதில்லை. வாசிக்கும் டிரைவ், எழுதிய மென்பொருள், அதில் என்ன இருக்கிறதென்று தெரிந்த ஆள், இந்த மூன்றும்தான் முதலில் போய்விடுகின்றன. ஆகவே என் முறை இது: டேப்பை முடிந்தவரை ஒரே தடவை ஓட்டி, அதில் உள்ளதை அப்படியே டிஸ்கில் இறக்கிவிடுங்கள். திறப்பது, பிரிப்பது, தேடுவது எல்லாவற்றையும் அப்புறம் டிஸ்கில் வைத்து ஆறுதலாகச் செய்யலாம். நேரே பழைய பேக்கப் மென்பொருளைத் தேடிப்பிடித்து கோப்புகளை மீட்கப் போகிறவர்கள் ஒரே டேப்பை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டித் தேய்க்கிறார்கள்.

1. முதலில் கொப்பி

கணினிக்கு முன்னால் ஒரு சிஆர் கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் ஓர் இலக்கம், ஒரு பக்கம். லேபிளில் உள்ளதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். "வெள்ளி, முழு, 3/5" என்றிருந்தால் அதில் மூன்று செய்தி இருக்கிறது: வெள்ளிக்கிழமை எடுத்தது, முழுப் பேக்கப், ஐந்து டேப் தொகுதியில் மூன்றாவது. மற்ற நான்கும் இல்லாவிட்டால் அந்தக் கோப்புகளில் சில பாதியில் அறுந்திருக்கும். "திங்கள்", "செவ்வாய்" என்று மட்டும் இருந்தால் அது அன்றைக்கு மாறிய கோப்புகளை மட்டும் கொண்ட பேக்கப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முழுப் பேக்கப் கிடைக்காமல் அதனால் பெரிய பயன் இல்லை.

லேபிளில் உள்ள திகதியை நம்ப வேண்டாம். ஒரே வெள்ளிக்கிழமை டேப்பின் மேல் வாரா வாரம் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் அன்றைய வழக்கம். லேபிள் 2005 என்று சொல்லும், உள்ளே 2009 இருக்கும்.

அந்தக் காலத்தில் சேர்வர் பார்த்தவர் ஊரில் இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். என்ன மென்பொருள், என்ன கடவுச்சொல், டேப் டிரைவ் எங்கே போனது என்ற மூன்று கேள்வியும் போதும். இதில் கடவுச்சொல்தான் முக்கியம். எல்டிஓ என்ற டேப் இனத்தில் நான்காம் தலைமுறையிலிருந்து (எல்டிஓ-4) டிரைவிலேயே குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டும் வசதி, வந்துவிட்டது. அதைப் போட்டு எழுதிய டேப்புக்குச் சாவி தொலைந்திருந்தால் அந்த டேப்பில் நேரம் செலவழிக்காதீர்கள்.

2. டேப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இங்கே பொதுவாக இரண்டு இனம்தான் அகப்படும். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறியது டிடிஎஸ் அல்லது டாட் இனம். அதில் டிடிஎஸ்-4 20 ஜிபி, டாட்72 36 ஜிபி கொள்ளும். சதுரமாகக் கனமாக இருப்பது எல்டிஓ. எல்டிஓ-1 100 ஜிபி, அங்கிருந்து எல்டிஓ-4 வரை இரட்டிப்பாகிக்கொண்டே போய் 800 ஜிபி. மேலட்டையில் "200/400" என்று இரண்டு எண் இருந்தால் முதலாவதுதான் உண்மையான கொள்ளளவு. இரண்டாவது, தரவு பாதியாகச் சுருங்கும் என்ற கணிப்பில் போட்ட எண். ஆனால் அதை அலட்சியம் செய்யவும் முடியாது. டிரைவ் வாசிக்கும்போது சுருக்கத்தை அவிழ்த்துத்தான் தரும். எனவே 200 ஜிபி டேப்பிலிருந்து 300, 350 ஜிபி வெளியே வரலாம். டிஸ்க் வாங்கும்போது பெரிய எண்ணையே கணக்கில் எடுங்கள்.

எழுத்துத் தடையைப் போடாமல், மீட்க வேண்டிய எந்த டேப்பையும் டிரைவுக்குள் விடக்கூடாது. எல்டிஓவில் முதுகுப்பக்கம் பூட்டுப் படத்தோடு ஒரு தள்ளுசுவிட்ச் இருக்கும், பூட்டுப் பக்கம் தள்ளுங்கள். டிடிஎஸ்ஸில் சின்னத் தகட்டை நகர்த்தினால் துளை திறக்கும். துளை திறந்திருந்தால் எழுத முடியாது.

அடுத்து எல்டிஓவின் மூலையிலுள்ள சிறு கதவை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். உள்ளே நாடாவின் நுனியில் ஒரு சிறு உலோக ஊசி நிமிர்ந்து நிற்க வேண்டும். டிரைவ் அதைப் பிடித்துத்தான் நாடாவை இழுக்கிறது. ஊசி சாய்ந்தோ கழன்றோ இருந்தால் போடாதீர்கள், கீழே விழுந்த டேப் அது. அந்தத் திறப்பாலேயே நாடாச் சுருளின் விளிம்பும் தெரியும். விளிம்பு வழுவழுப்பாகக் கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொட்டுகளோ பஞ்சுபோல ஏதாவதோ இருந்தால், அல்லது மூக்கருகே பிடித்தால் ஈரச் சாக்கு வாடை அடித்தால், அது பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த ஒரு டேப்பைப் போட்டால் டிரைவின் ஹெட்டில் (நாடாவை வாசிக்கும் பாகத்தில்) ஒட்டி, அடுத்துவரும் நல்ல டேப்புகளையும் கெடுக்கும். அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள். உரிந்து தொங்கும் ஸ்டிக்கரையும் எடுத்துவிடுங்கள். டிரைவுக்குள் சிக்கும் சாமானில் முதலிடம் அதற்குத்தான்.

பழைய ஓடியோ டேப்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் காப்பாற்றியதாக இணையத்தில் படித்திருப்பீர்கள். அது 1970, 80களின் சில நாடாக்களில் பசை ஈரலிப்பை உறிஞ்சி ஒட்டுவதற்கான வைத்தியம். எல்டிஓவுக்கும் டிடிஎஸ்ஸுக்கும் அதை முயல வேண்டாம்.

காலம் பார்ப்பதும் நம்மூரில் அவசியம். நீண்டகாலச் சேமிப்புக்கு எல்டிஓ தயாரிப்பாளர்கள் கேட்பது 16 முதல் 25 பாகை வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும். வாவியோரத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரையான வாடை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் புழுதியும் கூடவே வரும். யன்னலைப் பூட்டி, ஏசி உள்ள அறையில் செய்யுங்கள். டேப்புகளை முதல் நாளே அந்த அறையில் கொண்டுவந்து வைத்து, 24 மணித்தியாலம் கழித்தே ஓட்டுங்கள். சூடான அலுமாரியிலிருந்து எடுத்துக் குளிரறையில் உடனே ஓட்டினால் நாடா சுருங்கி விரியும்.

3. டிரைவ் தேடுவது

பணமும் பொறுமையும் அதிகம் போகும் இடம் இதுதான். எல்டிஓவில் எல்டிஓ-7 வரை ஒரு விதி இருக்கிறது: டிரைவ் தன் தலைமுறையையும் அதற்கு முந்திய இரண்டையும் வாசிக்கும். எல்டிஓ-3 டிரைவ் 1, 2, 3 வாசிக்கும். எல்டிஓ-4 டிரைவுக்கு 2 முதல் 4 வரை, எல்டிஓ-5க்கு 3 முதல் 5 வரை. எல்டிஓ-8இல் இந்த விதி உடைந்துவிட்டது, அது 7ஐயும் 8ஐயும் மட்டுமே வாசிக்கும். கடைக்காரர் "புதுசு, எல்லாத்தையும் வாசிக்கும்" என்று எல்டிஓ-8 டிரைவைத் தந்தால் உங்கள் எல்டிஓ-3 டேப்புக்கு அது வெறும் இரும்புப் பெட்டி. எல்டிஓ-2, 3, 4 கலந்து வைத்திருப்பவருக்குப் பயன்படுத்திய எல்டிஓ-4 டிரைவ்தான் என் தெரிவு. மூன்றையும் ஒரே டிரைவ் வாசிக்கும், எஸ்ஏஎஸ் என்ற புதிய வகை இணைப்போடும் கிடைக்கும்.

டிடிஎஸ்ஸில் டாட்72 டிரைவ் வாங்கினால் டிடிஎஸ்-3, டிடிஎஸ்-4 இரண்டும் ஓடும். ஆனால் இந்த இனத்தில் வீடியோ டெக்கில் போலச் சுழலும் உருளையில்தான் ஹெட் இருக்கிறது. எழுதிய டிரைவின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், அதில் எழுதிய டேப்பை வேறு டிரைவ் வாசிக்காமல் விடலாம். ஆகவே பழைய சேர்வர் உங்கள் களஞ்சிய அறையில் இருந்தால், தூசு தட்டி அந்த டிரைவையே முதலில் கழற்றுங்கள்.

இணைப்பில் கவனம். பழைய எல்டிஓவும் டிடிஎஸ்ஸும் பெரும்பாலும் 68 ஊசி ஸ்கஸி என்ற பழைய வகை இணைப்பு. அதற்கு ஸ்கஸி கார்டு, கேபிள், கேபிளின் நுனியை மூடும் டெர்மினேட்டர் மூன்றும் வேண்டும். டெர்மினேட்டர் இல்லாமல் பூட்டினால் டிரைவ் சிலவேளை தெரியும், சிலவேளை காணாமல் போகும், நீங்கள் டிரைவைச் சந்தேகிப்பீர்கள். எஸ்ஏஎஸ் டிரைவுக்கு, அதைக் கணினியோடு நேரே இணைக்கும் சாதாரண எச்பிஏ கார்டு எடுங்கள். பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டில் பூட்டினால் டேப் டிரைவ் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஸ்கஸியை யூஎஸ்பியாக மாற்றும் வயர்களை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

4. கணினியும் மின்சாரமும்

லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று தாராளமாகப் போதும். விண்டோஸில் டேப் வேலை வரவரக் கடினமாகிவிட்டது. விண்டோஸ் சேர்வர் 2008உடன் வந்த உள்ளமை பேக்கப்பிலேயே டேப்புக்கு இடமில்லை.

இறக்கும் டிஸ்க் வேகமாக இருக்க வேண்டும். எல்டிஓ-3 விநாடிக்கு 80 எம்பி தரும், எல்டிஓ-4 120. யூஎஸ்பி 2 டிஸ்க் 30, 35ஐத் தாண்டாது. டிஸ்க் பின்தங்கினால் டேப் நின்று, பின்னால் ஓடி, திரும்பத் தொடங்கும். காதைக் கொடுத்தால் அந்த இழுபறி கேட்கும், நாடாவும் ஹெட்டும் தேய்வது அப்போதுதான். உள்ளே பூட்டிய சாட்டா டிஸ்க் அல்லது நல்ல யூஎஸ்பி 3 டிஸ்க் எடுங்கள். வேகம் சரியாக இருந்தால் எல்டிஓ-3 முழு டேப் ஒன்றரை மணித்தியாலத்துக்குள், எல்டிஓ-4 இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும். டாட்72 அளவில் சிறிது, ஆனால் விநாடிக்கு 3 எம்பி அளவுதான், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும்.

யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். இடையில் கரண்ட் போய் வந்தால், டிரைவ் தானாக நாடாவைச் சுற்றி முடிக்கச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரம் வெளியே எடுக்கும் பொத்தானை அமத்திக்கொண்டே நிற்பது ஆபத்து.

5. ஒத்திகை

வாங்கிய டிரைவில் முதலில் துப்புரவு டேப்பைப் போடுங்கள். பிறகு தேவையில்லாத அல்லது வெறும் டேப் ஒன்றில் சில ஜிபி எழுதி, வாசித்து ஒப்பிடுங்கள். எச்பி, ஐபிஎம் இரண்டும் தங்கள் டிரைவுகளுக்குச் சோதனை மென்பொருள் தந்திருக்கின்றன, அதையும் ஓட்டுங்கள். அடுத்ததாக உங்கள் பெட்டியிலேயே குறைந்த பெறுமதியுள்ள டேப். அது ஒழுங்காக ஓடினால், உடனே மிக முக்கியமான டேப்புக்குப் போங்கள். முக்கியமானதைக் கடைசிக்கு வைப்பவர்கள், டிரைவ் களைத்துப்போன நேரத்தில் அதைப் போடுகிறார்கள்.

6. அப்படியே இறக்குவது

லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்றைப் பாவித்தால் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிப் போகும். முன்னால் "என்" எழுத்து சேர்ந்த மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். நமக்கு வேண்டியது நிற்பது. ஒரு டேப்பில் பல கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் அடையாளக் குறியோடு இருக்கும். சுற்றிப் போகும் பெயரைப் பாவித்தால் எத்தனை முறை வாசித்தாலும் முதலாவது கோப்பே திரும்பத் திரும்ப வரும்.

டேப்பை நகர்த்தும் எம்டி கட்டளையால் அதைத் தொடக்கத்துக்குச் சுற்றி, பிளாக் (டேப்பில் ஒரே தடவையில் எழுதப்பட்ட தரவுத் துண்டு) அளவைப் பூச்சியம் என்று வையுங்கள். பூச்சியம் என்றால் எழுதப்பட்ட அளவிலேயே வாசி என்று அர்த்தம். அப்புறம், தரவை அப்படியே படியெடுக்கும் டிடி கட்டளையில் பிளாக் அளவு 256 கேபி கொடுத்து, முதல் கோப்பை "டேப்07-001" என்பது போன்ற பெயரில் டிஸ்கில் இறக்குங்கள். முடிந்ததும் அதே கட்டளை, "002". இப்படியே ஒன்றுமில்லாத வெறும் கோப்பு வரும்வரை. நாலு வரி ஸ்கிரிப்டில் இதைத் தானாக ஓடவிடலாம்.

இந்த இடத்தில் பலரைத் திகைக்க வைக்கும் ஒரு பிழைச் செய்தி உண்டு: நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று லினக்ஸ் சொல்லும். ரேம் போதவில்லை என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள். டேப்பிலுள்ள பிளாக், நீங்கள் கொடுத்த அளவை விடப் பெரிது என்பதுதான் அதன் பொருள். டிடியில் அளவைக் கூட்டினால் சரி.

ஒரேயொரு பிளாக்கை மட்டும் வாசித்து அதன் அளவைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பில் அந்தத் தகவல் இருக்காது. பின்னொரு நாள் இந்தத் தரவை மெய்நிகர் டேப்பாக (டிஸ்கில் இருந்துகொண்டே டேப் போலத் தெரிவது) மாற்றிப் பழைய மென்பொருளுக்குக் காட்ட வேண்டி வந்தால், அந்த எண் இல்லாமல் கைபிசைய வேண்டியிருக்கும்.

வாசிப்புப் பிழை வந்தால் பதறாமல் மூன்று காரியம், இதே ஒழுங்கில். துப்புரவு டேப்பைப் போட்டுத் திரும்ப ஒரு தடவை. அதே இடத்தில் விழுந்தால், டேப்பை முழுதாக முன்னே ஓட்டிப் பின்னே சுற்றி, இழுவையைச் சமன்படுத்தி இன்னொரு தடவை. அதற்கும் சரிவராவிட்டால் வேறு டிரைவ். ஒரே டிரைவில் பத்துத் தடவை முட்டிப் பார்ப்பதால் பயனில்லை. கெட்ட இடத்துக்கு அப்பாலுள்ள கோப்புகளை அடையாளக் குறிகளைத் தாண்டிச் சென்று தனியாக இறக்கி, எங்கே விட்டீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள்.

7. திறப்பது

இனி டேப் தேவையில்லை. லினக்ஸின் ஃபைல் கட்டளை இறக்கிய கோப்பு என்ன இனம் என்று பெரும்பாலும் சொல்லிவிடும். கண்ணாலும் பார்க்கலாம்: தொடக்கத்திலேயே ஆங்கிலப் பெரிய எழுத்தில் "டேப்" என்ற நாலெழுத்து நின்றால் அது மைக்ரோசொஃப்ட் டேப் வடிவம். விண்டோஸ் என்டி முதல் 2003 வரை கூடவே வந்த என்டிபேக்கப்பும், பேக்கப் எக்செக் என்ற தனி மென்பொருளும் எழுதியது அதுதான். எம்டிஎஃப்டார் போன்ற இலவசக் கருவிகள் அதைச் சாதாரண டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் வடிவம்) மாற்றித் தரும். டாரிலேயே எழுதியிருந்தால் வேலை மிச்சம். டார் நடுவில் சேதப்பட்டாலும் அடுத்த தலைப்பைத் தேடிப் பிடித்துத் தொடரும், சேதமான கோப்பு மட்டும் போகும். சுருக்கிய டார் என்றால் சேதத்துக்குப் பிறகு உள்ளதெல்லாம் பெரும்பாலும் போனதுதான். வேறு நிறுவனங்களின் வடிவமாக இருந்தால் அந்தப் பழைய மென்பொருளே வேண்டும். அப்போது எம்எச்விடிஎல் என்ற இலவச மெய்நிகர் டேப் கருவியில் ஏற்றிக் காட்டலாம்.

கோப்புகள் வெளியே வந்த பிறகு அடுத்த பூட்டு வரும், அதுவும் நம்முடைய சொந்தப் பூட்டு. யுனிகோட் பரவுமுன் இங்கே தட்டச்சு செய்தவர்களில் பெரும்பாலோர் பாமினி என்ற எழுத்துருவில் அடித்தார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பாமினியில் அரைப்புள்ளி விசைதான். ஒவ்வொரு சொல்லிலும் அரைப்புள்ளிகள் பொறுக்கிப் போட்டதுபோல் நின்றால் அது பாமினி. எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம், மாற்றிகளில் ஒட்டினால் யுனிகோடாகும். மூலக் கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள், ஏனென்றால் ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில் மாற்றிகள் ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். பெயர்ப் பட்டியல்களை மாற்றினால் ஆளை வைத்து ஒருமுறை சரிபார்க்கத்தான் வேண்டும்.

அச்சகக்காரருக்கு இன்னொன்று: பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையான பதிப்புகள்தான் திறக்கும். அந்தப் பதிப்பு உள்ள கணினி கிடைக்கும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அக்செஸ் 97 தரவுத்தளத்தையும் அக்செஸ் 2013உம் அதற்குப் பிந்தியவையும் திறக்காது, அதைச் சாதாரண உரை அட்டவணையாக ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது.

8. சரிபார்ப்பும் பிரதிகளும்

டேப்பிலிருந்து இறக்கிய உடனேயே, திறப்பதற்கு முன், ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுவது) எடுத்து ஒரு பட்டியலில் போடுங்கள். இனி எந்த டிஸ்கில் பிரதி எடுத்தாலும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். கோப்பின் அளவு சரி என்பதால் உள்ளடக்கம் சரி என்று ஆகாது.

டிஸ்க் டேப்பை விட அதிக காலம் நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்டிஓவுக்கு நல்ல சூழலில் 30 ஆண்டு என்கிறார்கள். ஹார்ட் டிஸ்கை ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றுவது என்று திட்டம் போடுங்கள். டிஸ்கின் இலாபம் வேறு: எந்தக் கணினியிலும் பூட்டிப் பார்க்கலாம், பழுதாகிவிட்டதா என்று இலகுவாகச் சோதிக்கலாம். எஸ்எஸ்டியை இதற்குப் பாவிக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் சூடான லாச்சிக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளது கரையலாம்.

இரண்டு ஹார்ட் டிஸ்க், வெவ்வேறு கம்பனி. ரெய்டில் போட்டதை இரண்டு பிரதியாக எண்ணக்கூடாது, தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒன்றாக அழியும். மூன்றாவது பிரதி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். புளியந்தீவில் ஒன்று, கல்லடியில் ஒன்று என்று வைத்துவிட்டு இரண்டு இடம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 கடலும் கல்லடிப் பாலத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவை. பதுளையிலோ கொழும்பிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டு அலுமாரி போதும். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக்காரருக்கும் இதுதான் சட்டம்.

வருடத்துக்கு ஒருமுறை, கச்சான் தொடங்கியதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா டிஸ்கையும் பூட்டி அந்தச் சரிபார்ப்புப் பட்டியலை முழுதாக ஓட்டுங்கள். சரிபார்ப்பு எண்ணைத் தானே வைத்திருக்கும் டிஸ்க் வடிவமான இசட்எஃப்எஸ் தெரிந்தவர் அதிலேயே போட்டால், அதன் ஸ்கரப் கட்டளை இந்த வேலையைப் பார்க்கும்.

9. யார் பார்க்கலாம், டேப்பை என்ன செய்வது

இந்த டேப்புகளில் இருப்பது வெறும் கணக்கு மட்டும் அல்ல. பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் இறந்தவர், காணாமல் போனவர், யாருக்கு என்ன உதவி கிடைத்தது என்ற விபரங்கள் வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படிப்பட்ட பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. வெளியூருக்குப் போகும் பிரதியைக் குறியாக்கம் செய்து, சாவியைத் தாளில் எழுதி, சங்கத்தின் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் முதலாம் படியில் சொன்ன சிக்கல் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வரும்.

சரிபார்ப்பு முடிந்தவுடன் டேப்பை எறிய வேண்டாம். குறைந்தது முதல் வருடாந்தச் சோதனை முடியும்வரை, நீர்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். பிறகு அழிக்க முடிவெடுத்தால், வலுவான காந்தத்தால் அழிக்கும் பொறி போதும். எல்டிஓவில் தொழிற்சாலையிலேயே எழுதிய வழிகாட்டித் தடங்களும் அதோடு போய்விடும், டேப்பைத் திரும்பப் பாவிக்கவும் முடியாது. பொறி கிடைக்காத இடத்தில் உறையைத் திறந்து நாடாவைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். எரிக்காதீர்கள், புகை நல்லதல்ல.

டிரைவை உடனே விற்றுவிடவும் வேண்டாம். இப்படியொரு டிரைவ் உங்களிடம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால், காத்தான்குடியிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ யாராவது ஒரு பெட்டியோடு வந்து நிற்பார்கள்.